கடலோர வயல் வடிகால்களில் பசுமை இல்ல வாயுக்களை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலோரச் சதுப்பு நிலத்தை வயலாக்க வேண்டுமென்றால் முதல் வேலை தண்ணீரை இறக்குவதுதான். வடிகால் வெட்டி, கரை கட்டி, கடல்நீர் உள்ளே ஏறாதபடி ஒருவழி மதகு வைத்துவிட்டால் நிலம் காய ஆரம்பித்துவிடும். நெதர்லாந்தின் போல்டர்கள், கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ டெல்டா, குட்டநாடு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரக் கரும்பு வயல்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இப்படி உருவானவைதான்.

நிலம் காய்ந்ததும் மண்ணுக்குள் வேறு வேலைகள் தொடங்குகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்கடியில் மக்காமல் கிடந்த கரிமம் முதல்முறையாகக் காற்றைச் சந்திக்கிறது, மக்குகிறது, கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி வயலின் மேற்பரப்பு வழியாக நேராக வெளியேறும். இன்னொரு பகுதி நிலத்தடி நீரில் கரைந்து, பக்கவாட்டில் நகர்ந்து, வடிகாலில் வந்து கசியும். வயலை மட்டும் அளப்பவர்கள் இந்த இரண்டாவது பகுதியைத் தவறவிடுகிறார்கள். வடிகாலின் பரப்பு வயலில் சில சதவீதம்தான் இருக்கும். ஆனாலும் அதை அளக்காமல் அந்த நிலத்தின் வாயுக் கணக்கை முடித்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. ஒருநாள் நண்பகலில் போய் ஒரு புட்டி தண்ணீர் எடுத்து வருவதையும் அளவீடு என்று சொல்ல முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆய்வு மாணவர்களையும், நில மீட்புப் பணியில் இருப்பவர்களையும், தங்கள் வடிகாலில் என்ன நடக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் விவசாயக் குழுக்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

அளப்பதற்கு முன்: எந்த வாயு எங்கிருந்து வருகிறது

அளக்க வேண்டியவை மூன்று: கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு. மூன்றின் குணமும் வேறு வேறு.

கார்பன் டை ஆக்சைடு மக்கும் கரிமத்திலிருந்து வருகிறது. கடலோர நிலத்தில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. கடல்நீரின் சல்ஃபேட்டும் மண்ணின் இரும்பும் சேர்ந்து சேற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தை உருவாக்கியிருக்கும். தண்ணீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வடிகால் வெட்டி நீர்மட்டம் இறங்கியதும் காற்று பட்டு அது கந்தக அமிலமாகிறது. 1 டன் பைரைட் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சுமார் 1.6 டன் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் நீரிலுள்ள பைகார்பனேட்டைத் தாக்கி, அதையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். வடிகால் நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 4.3-க்குக் கீழே போய்விட்டால் நீரில் கரைந்த கனிமக் கார்பன் ஏறக்குறைய முழுவதும் வெளியேறக் காத்திருக்கும் வாயுதான்.

மீத்தேன், ஆக்சிஜன் தீர்ந்துபோன சேற்றில் உருவாகிறது. ஆனால் சல்ஃபேட் நிறைய இருந்தால், அதை உண்ணும் பாக்டீரியாக்கள் மீத்தேன் நுண்ணுயிரிகளின் உணவைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் உப்புநீர் வடிகாலில் மீத்தேன் பொதுவாகக் குறைவாகவும், மதகுக்கு உட்புறம் நல்லநீர் தேங்கிய இடத்தில் அதிகமாகவும் இருக்கும். லிட்டருக்கு 18 கிராம் உப்பைத் தாண்டிய நீரில் மீத்தேன் வெளியீடு வெகுவாகக் குறைவதை ஓதச் சதுப்பு நிலங்களில் (ஓதம் என்பது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) பார்த்திருக்கிறார்கள். குறைகிறதே தவிர, முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. சல்ஃபேட் பாக்டீரியாக்கள் தொடாத மெத்தனால், மெத்தில் அமீன் போன்றவற்றை உண்டு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளும் சேற்றில் இருக்கின்றன.

நைட்ரஸ் ஆக்சைடின் மூலம் உரத்திலும் மண்ணிலும் உள்ள நைட்ரஜன். நைட்ரேட் படிப்படியாக நைட்ரஜன் வாயுவாக மாறும் வழியில் இது நடுவில் வரும் ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தை முடிக்கும் நொதி அமில நீரில் சரியாக வேலை செய்யாது. ஆகவே உரமும் அமிலமும் ஒன்றாகச் சேரும் வடிகாலில் இந்த வாயு பாதி வழியில் நின்று வெளியேறிவிடும். இதற்கு நேர்மாறாக, நைட்ரேட்டே இல்லாத தேங்கிய வடிகால் காற்றிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடை உள்ளிழுக்கவும் செய்யும். எதிர்மறை எண் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

படி 1: நிலத்தைப் படியுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் வரைபடம் தயாரியுங்கள். வடிகால்கள் எங்கே தொடங்கி எங்கே சேர்கின்றன, அகலம் ஆழம் என்ன, மதகு எங்கே, எந்த வயலில் என்ன பயிர், உரம் எப்போது போடுகிறார்கள், கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். இவற்றில் பாதியைப் பல ஆண்டுகளாக அந்த மதகைத் திறந்து மூடுபவர் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். செயற்கைக்கோள் படத்தைவிட அவரிடம் செலவிடும் ஒரு மணி நேரம் மதிப்புள்ளது.

அப்புறம் மண்ணைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள் நிறப் புள்ளிகள், வடிகால் கரையில் துருச் செம்மை, கண்ணாடி போல் வழக்கத்துக்கு மாறாகத் தெளிந்த நீர் ஆகியவை அமில மண்ணின் அடையாளங்கள். சந்தேகமிருந்தால், சாம்பல் நிற அடி மண்ணில் கொஞ்சம் எடுத்து 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சோதிக்கலாம். நுரைத்துப் பொங்கி பி.எச். 3-க்குக் கீழே விழுந்தால் பைரைட் இருப்பதற்கான வலுவான அறிகுறி. பெராக்சைடு தோலைச் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் செய்யாதீர்கள்.

படி 2: இடமும் நேரமும்

குறைந்தது மூன்று வகை இடங்கள் வேண்டும்: வயலை ஒட்டிய சிறு வடிகால், பல வடிகால்கள் சேரும் முதன்மைக் கால்வாய், மதகுக்கு வெளியே ஓதம் வந்துபோகும் பகுதி. ஒப்பிட்டுப் பார்க்க, வடிகால் வெட்டாத இயற்கை ஓடை பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைவிட நேரம்தான் ஆட்களை ஏமாற்றும். ஓதம் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும், உள்ளே நீர் தேங்கும். ஓதம் வற்றும்போது வெளி மட்டம் இறங்கி மதகு திறக்கும், வடிகால் நீர் ஓடிவிடும், உடனே கரையிலிருந்து நிலத்தடி நீர் வாயுவைச் சுமந்துகொண்டு உள்ளே கசியும். வற்றத்தின் முடிவில் இருக்கும் செறிவும் ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் செறிவும் இரண்டு வெவ்வேறு வடிகால்களின் எண்கள் போலத் தெரியும்.

இதன்மேல் பகலும் இரவும் வேறு. பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க எல்லா உயிரும் அதை வெளியிடும். ஆகவே விடியலுக்குச் சற்று முன் அது உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் அடித்தளத்தில் இருக்கும். நண்பகலில் மட்டும் அளந்தவர் வடிகாலை அது இருப்பதைவிடச் சுத்தமானதாகக் காட்டிவிடுவார்.

ஆகவே ஒரு சுற்று அளவீடு என்றால் குறைந்தது 25 மணி நேரம், ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. நாளுக்கு இருமுறை ஓதம் வரும் கரையில் ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் 25 மணி நேரத்தில் இரண்டு முழு ஓதங்களும் ஒரு முழு நாளும் அடங்கிவிடும். அப்படிச் செய்ய ஆளில்லை என்றால், வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஓத நிலைகளில் போங்கள். தினமும் காலை பத்து மணிக்கே போவது என்ற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வறட்சியில் ஒரு சுற்று, பெருமழைக்குப் பின் ஒரு சுற்று, உரமிட்ட பின் ஒரு சுற்று என்று ஆண்டுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலத்தின்மேல் விழும் முதல் பெருமழை, மண்ணில் சேர்ந்திருந்த நைட்ரேட்டையும் அமிலத்தையும் மொத்தமாக வடிகாலுக்குள் தள்ளும். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் ஆண்டுக் கணக்கின் கனமான பக்கம் கையைவிட்டுப் போய்விடும்.

படி 3: நீரின் அடிப்படை அளவுகள்

வாயு மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, மின்கடத்துதிறன் அல்லது உப்புத்தன்மை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன், நீர்மட்டம், ஓட்டத்தின் வேகமும் திசையும், காற்றின் வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள். நைட்ரேட், அம்மோனியம், சல்ஃபேட் ஆகியவற்றுக்கு வடிகட்டிய நீரைத் தனியே குளிரில் வையுங்கள். பி.எச். மீட்டரை அன்றன்று காலை பி.எச். 4, 7 என்று முன்பே தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களிலும் சரிபார்க்க வேண்டும். அமில நீரில் 7-ஐ மட்டும் வைத்துச் சரிபார்த்த மீட்டரை நம்ப முடியாது.

பி.எச். அளவையும் காரத்தன்மையையும் (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) வைத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. கடல்நீரில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கரிம அமிலங்கள் நிறைந்த தேநீர் நிற வடிகால் நீரில் உண்மையைவிடப் பல மடங்கு அதிகம் காட்டக்கூடும். இங்கே வாயுவை நேரடியாகத்தான் அளக்க வேண்டும்.

படி 4: நீரில் கரைந்த வாயுவை எடுப்பது

எளிய, மலிவான, நம்பகமான வழி ஹெட்ஸ்பேஸ் முறை: நீரோடு கொஞ்சம் காற்றைச் சேர்த்துக் குலுக்கி, அந்தக் காற்றுக்கு வந்த வாயுவை அளப்பது. தேவையானவை 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு, அதன் வாயில் மாட்டும் மூவழித் திருகு, காற்றகற்றிய 12 மி.லி. கண்ணாடிக் குப்பிகள்.

சிரிஞ்சை நீருக்கடியில் 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் வைத்து மெதுவாக இழுங்கள். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் வெளியே தள்ளிவிட்டு மீண்டும் எடுங்கள். 30 மி.லி. நீரை நிறுத்திக்கொண்டு, 30 மி.லி. வெளிக்காற்றை அல்லது தூய நைட்ரஜனை உள்ளிழுத்துத் திருகை மூடுங்கள். 2 முதல் 3 நிமிடம் விடாமல் குலுக்குங்கள். உள்ளங்கைச் சூடு நீரைச் சூடாக்கும், ஆகவே சிரிஞ்சின் முனைகளை மட்டும் பிடியுங்கள். குலுக்கிய பின் உள்ளிருக்கும் நீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு மேலே உள்ள வாயுவில் 20 மி.லி. அளவைக் குப்பிக்குள் செலுத்துங்கள். குப்பி சற்று மிகையழுத்தத்தில் இருந்தால் பயணத்தில் வெளிக்காற்று உள்ளே புகாது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று மாதிரி, கூடவே வெளிக்காற்று மாதிரி ஒன்று. இந்த வெளிக்காற்று மாதிரியைத்தான் பலர் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் கழிக்க வேண்டிய எண்ணை ஊகிக்க வேண்டியதாகிவிடும். குப்பிகள் சில வாரங்களுக்குள் வாயு குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும்.

இனி ஒரு கணக்கு. சம அளவு நீரும் காற்றும், 25 டிகிரி செல்சியஸ், கடல்மட்ட அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கிய பின் வாயுவில் மீத்தேன் 150 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 150 பங்கு), வெளிக்காற்றில் 2 பி.பி.எம். என்று வந்திருக்கிறது. இந்த நிலையில் 1 மோல் வாயு 24.47 லிட்டர் இடம் பிடிக்கும். ஆகவே 150 பி.பி.எம். என்பது லிட்டருக்கு 6.13 மைக்ரோமோல். அதில் முதலிலேயே காற்றில் இருந்த 0.08-ஐக் கழித்தால் 6.05. குலுக்கிய பிறகும் நீரிலேயே தங்கிவிட்டது எவ்வளவு? மீத்தேனின் கரைதிறன் லிட்டருக்கு, ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.0014 மோல். அதன்படி 0.21 மைக்ரோமோல். இரண்டையும் கூட்டினால் வடிகால் நீரில் லிட்டருக்கு 6.26 மைக்ரோமோல் இருந்திருக்கிறது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் இருக்க வேண்டியதோ வெறும் 0.0028. அதாவது 2000 மடங்குக்கும் மேல்.

நைட்ரஸ் ஆக்சைடுக்கும் இதே கணக்குதான், கரைதிறன் மட்டும் 0.025 என்று மாறும். கார்பன் டை ஆக்சைடில் (கரைதிறன் 0.034) ஒரு சிக்கல் உண்டு. குலுக்கும்போது வாயு வெளியேற வெளியேற, பைகார்பனேட்டிலிருந்து புதிதாகக் கொஞ்சம் உருவாகும். அமில நீரில் இந்தப் பிழை பொருட்டில்லை. ஓதம் கலந்த காரத்தன்மை மிகுந்த நீரில் காரத்தன்மையையும் அளந்து திருத்த வேண்டும்.

படி 5: நீரிலிருந்து காற்றுக்கு எவ்வளவு போகிறது

நீரில் இருப்பது வேறு, வெளியேறுவது வேறு. வெளியேறுவதை அளக்க மிதவைப் பெட்டி வேண்டும். கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, சுற்றிலும் மிதவை, விளிம்பு 2 முதல் 3 செ.மீ. நீருக்குள், மேலே ஒரு குழாய் இருந்தால் போதும். வெயிலில் சூடேறாமல் இருக்க வெளிப்புறம் வெளிர் நிறமாகவோ பளபளப்பாகவோ இருக்கட்டும். 5 முதல் 20 நிமிடத்துக்குள், சீரான இடைவெளியில் குறைந்தது நான்கு மாதிரி எடுத்து, வாயு ஏறும் வேகத்தைப் பாருங்கள். கையடக்க லேசர் கருவி இருந்தால் நொடிக்கு நொடி பார்க்கலாம்.

ஓடும் நீரில் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். விளிம்பைச் சுற்றி நீர் சுழன்று, இல்லாத கொந்தளிப்பை உண்டாக்கிக் கணக்கை ஏற்றிவிடும். நீரோடு மிதந்து போக விடுங்கள்.

பெட்டிக்குள் காற்றின் உயரம் 10 செ.மீ., மீத்தேன் நிமிடத்துக்கு 2 பி.பி.எம். ஏறுகிறது என்றால், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 11.8 மில்லிமோல், அதாவது சுமார் 188 மி.கி. மீத்தேன் வெளியேறுகிறது. இதை மேலே கிடைத்த 6.26 என்ற செறிவால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு சுமார் 1.9 மீட்டர் என்று வரும். இதுதான் உங்கள் வடிகாலின் வாயுப் பரிமாற்ற வேகம். ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் எழுதப்பட்ட சூத்திரங்களைக் குறுகிய, கரை மறைத்த வடிகாலில் பொருத்துவதைவிட, இப்படி உங்கள் நீரிலேயே கண்ட எண்ணைத்தான் நான் நம்புவேன். ஒவ்வொரு வாயுவுக்கும் உரிய ஷ்மிட் எண் (வாயு நீரில் பரவும் வேகத்தைச் சார்ந்த எண்) திருத்தத்தைச் செய்துவிட்டால் மற்ற இரண்டு வாயுக்களுக்கும் அதே வேகம் பயன்படும்.

ஏறும் கோடு நேராகப் போகாமல் திடீரென்று படிபோல் குதித்தால் அது குமிழி. குமிழிகளைப் பிழை என்று தூக்கிப் போடாதீர்கள். ஆழமில்லாத, சேறு நிறைந்த வடிகாலில் மீத்தேனின் பெரும்பகுதி அந்த வழியாகவே போகலாம். அவற்றுக்குத் தனிப் பொறி வையுங்கள்: கவிழ்த்த புனல், அதன் தண்டில் நீர் நிரப்பிய சிரிஞ்சு, முழுவதும் நீருக்குள். 24 மணி நேரம் கழித்துச் சேர்ந்த வாயுவின் அளவையும் அதிலுள்ள மீத்தேனையும் பாருங்கள். ஓதம் வற்றி நீரழுத்தம் குறையும்போது குமிழிகள் அதிகம் எழும், ஆகவே சில மணி நேரப் பொறி போதாது. பொறி வைக்கும்போது சேற்றை மிதிக்கவே கூடாது. ஒரு காலடி பட்டால் ஒரு வாரக் குமிழி ஒரே நொடியில் வெளியேறிவிடும். பலகை போட்டு அல்லது படகிலிருந்து வேலை செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள். சேறு இழுக்கும், சில இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் சேர்ந்து எழும்.

படி 6: நிலத்தடி நீரின் பங்கு

வாயு வடிகாலிலேயே உருவானதா, கரையிலிருந்து கசிந்து வந்ததா என்று தெரிய வேண்டுமென்றால் ரேடான் என்ற கதிரியக்க வாயு உதவும். நிலத்தடி நீரில் அது நிறைய இருக்கும், திறந்த நீரில் சீக்கிரம் காணாமல் போய்விடும், அரை ஆயுள் 3.8 நாள். ரேடானும் கார்பன் டை ஆக்சைடும் வற்றத்தின்போது சேர்ந்தே ஏறினால் கசிவுதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ரேடான் கருவி விலை அதிகம். அது இல்லாதவர்கள் வடிகாலிலிருந்து சில மீட்டர் தள்ளி, துளையிட்ட குழாய்களை மண்ணில் இறக்கி, நீர்மட்டத்தையும் அதிலுள்ள வாயுவையும் அளக்கலாம்.

படி 7: மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது

ஐ.பி.சி.சி.-யின் (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு) ஆறாவது அறிக்கைப்படி 100 ஆண்டுக் கணக்கில் 1 கிலோ உயிர்வழி மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கும், 1 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்கும் சமம். நம் உதாரணத்தின் 188 மி.கி. மீத்தேன் இப்படிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 5.1 கிராம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் வடிகால் 3 சதவீதம், அதாவது 300 சதுர மீட்டர் என்றால், மீத்தேன் மட்டுமே நாளுக்கு ஒன்றரை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகிறது.

இந்த வேகம் ஆண்டு முழுக்க நீடித்தால் ஒரு ஹெக்டேர் வடிகால் பரப்புக்கு 686 கிலோ மீத்தேன். உள்ளூர் அளவீடு இல்லாதவர்களுக்கென ஐ.பி.சி.சி. 2019-இல் கால்வாய்களுக்கும் வடிகால்களுக்கும் தந்த பொது எண் 416 கிலோ. ஆழமாக வடிகால் வெட்டிய மிதவெப்ப மண்டலக் கரிமப் புல்நிலங்களின் வடிகாலுக்கு 2013-இல் தந்தது 1165 கிலோ. உங்கள் எண் இவற்றிலிருந்து பத்து மடங்கு விலகினால் முதலில் அலகு மாற்றத்தைச் சரிபாருங்கள், பிறகு உப்புத்தன்மையைப் பாருங்கள்.

மதகு வழியாக வெளியேறும் நீர் சுமந்து செல்லும் கரைந்த வாயுவையும் மறக்க வேண்டாம். நீரோட்டத்தைச் செறிவால் பெருக்கினால் அது கிடைக்கும். அதில் நிறைய, மதகைத் தாண்டிய கொஞ்ச தூரத்துக்குள் காற்றில் கலந்துவிடும்.

படி 8: எண் கிடைத்த பிறகு

கார்பன் டை ஆக்சைடு மேலோங்கினால் விடை நீர்மட்டத்தில் இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து கரிம நிலங்களை வைத்து 2021-இல் வந்த ஆய்வு, நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வெளியீடு குறையும் என்று கண்டது. நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 30 செ.மீ. ஆழத்துக்கு வரும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். பயிரை முழுவதும் விட்டுவிடாமலே செய்யக்கூடியது இது. பைரைட் அடுக்கை வெட்டிச் செல்லும் ஆழமான குறுகிய வடிகாலை, ஆழம் குறைந்த அகலமான வடிகாலாக மாற்றுவதும் அமிலத்தைத் தணிக்கும்.

நைட்ரஸ் ஆக்சைடு என்றால் உரத்தின் அளவும் நேரமும்தான் முதல் கேள்வி. பெருமழை வரப்போகும் வாரத்தில் போட்ட யூரியாவில் ஒரு பகுதி வடிகாலுக்குப் போட்டதாகவே ஆகிவிடும்.

மீத்தேன் என்றால் மதகைக் கொஞ்சம் திறந்து ஓதநீரை உள்ளே விடுவது பல இடங்களில் பலன் தரும். ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸ் நகருக்கு எதிரே உள்ள கிழக்கு டிரினிட்டியில், 1970-களில் கரும்புக்காக வடிக்கப்பட்டு அமிலமாகிப்போன நிலத்துக்குள் 2000-களின் தொடக்கத்திலிருந்து சுண்ணாம்பின் துணையோடு ஓதநீரை மெல்ல மெல்ல விட்டார்கள். நிலத்தின் அமிலம் தணிந்தது. ஆனால் அவசரப்பட்டு நல்லநீரை ஒரே நாளில் ஏற்றினால், மூழ்கிய பயிரும் புல்லும் அழுகி மீத்தேன் பொங்கும், ஆக்சிஜன் விழும், மீன் சாகும். வடிகால் அடியில் கிடக்கும் கருஞ்சேற்றை வாரிக் கரையில் கொட்டுவதும் அப்படித்தான். அதிலுள்ள இரும்புச் சல்ஃபைடு காற்றுப்பட்டு அமிலமாகி அடுத்த மழையில் அதே வடிகாலுக்குத் திரும்பும். வாரியே ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பு கலந்து, நீர் திரும்பி ஓடாத இடத்தில் வையுங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும் அதற்கு முன் ஓராண்டு அளவீடு கையில் இருக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிறகும் அதே இடங்களில், அதே ஓத நிலையில், அதே பருவத்தில் அளக்க வேண்டும். முதல் ஆண்டில் மீத்தேன் கூடியிருந்தாலும் மதகை உடனே மூடிவிடாதீர்கள். மூழ்கிய பழைய தாவரம் அழுகித் தீரவும், உப்பு சேற்றுக்குள் இறங்கவும் காலம் எடுக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் வற்றக்கால எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.